அடப்பு ரூமுக்குக் கீழ ஓடுன குழாய்

போன மாசம் எங்க வீட்டு அடுப்பங்கரைல தண்ணி போற குழாய் தகராறு பண்ணுச்சு. நாங்க இருக்கிறது புக்கிட் மேராவுல பழைய அடுக்குமாடி புளோக்கு. நம்ம முட்டி மாதிரிதான் அதுவும். வெளில சாயம் அடிச்சு பளபளன்னு வச்சிருக்காங்க, உள்ள இருக்கிறதெல்லாம் தேஞ்சு போச்சு. சிங்க்ல தண்ணி எறங்கவே மாட்டேங்குது. எறங்குனா கொடகொடன்னு ஒரு சத்தம். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா மேல வந்து, அவங்க சீலிங்ல சொட்டுறத போன்ல படம் புடிச்சுக் காட்டுறாங்க. சிரிச்ச மொகமாத்தான் காட்டுறாங்க. அதான் எனக்கு இன்னும் கூச்சமாப் போச்சு.

குழாய் வேல பாக்குற பையன் வந்தான். எட்டிப் பாத்தான், தட்டிப் பாத்தான்.

"ரெண்டு வழி இருக்கு அங்கிள். ஒட்டுப் போட்டு விடலாம், கொஞ்ச நாள் ஓடும். இல்லன்னா மொத்தமா ஒடச்சு எடுத்துட்டு புது லைன் போடணும்."

"ஒட்டுப் போதும் லா பா"ன்னான் என் மகன். "வீடெல்லாம் தூசியாயிடும். அப்புறம் பாத்துக்கலாம்."

"மாத்திரு"ன்னேன் நான்.

மருமக என்னத் திரும்பிப் பாத்துச்சு. "மாமாவா பேசுறது? பற்பசை டியூப்ப கத்தரிக்கோலால வெட்டி வழிச்செடுக்கிற மாமாவா?"

"மாத்திருன்னு சொல்றேன்ல!" கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். அந்தப் பையன் கைல இருந்த டார்ச்ச கீழ போட்டுட்டான்.

ஏன் இவ்வளவு கோவம்னு மகன் அப்புறமா கேட்டான். அவன்கிட்ட என்னத்தச் சொல்ல? அடப்புன்னா அவனுக்குக் குழாய் அடப்பு ஒண்ணுதான் தெரியும். உங்களுக்குத் தெரியும். நம்ம வயசுக்காரங்க கேட்டாலே ஒடம்பு ஒரு குலுக்கு குலுக்கும். அதனால உங்ககிட்டதான் சொல்லணும். மாத்துறதா ஒட்டுறதான்னு இதே பேச்சு எங்க வீட்டுல ஒருக்கா நடந்திருக்கு. அப்ப ஒட்டுனோம். அதச் சொல்லத்தான் இப்ப ஒக்காந்திருக்கேன்.

அப்ப நாங்க தேக்கா பக்கம் ஒரு சந்துல இருந்தோம். பழைய கடைவீடு. முன்னாடி அகலம் கம்மி, உள்ள போகப் போக ரயில் வண்டி மாதிரி நீளமாப் போகும். நடுவுல வானம் தெரியற முற்றம். அங்கதான் குளிக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது, அரிசி களையறது எல்லாம். அந்தத் தண்ணி ஒரு மண்ணுக் குழாய்ல எறங்கி, பின்னாடி ரூமுக்குக் கீழயே ஓடி, பின் சந்து லோங்காங்குல போய் விழும். இப்பல்லாம் வடிகால்னு எழுதிப் போட்டிருக்காங்க. லோங்காங்னாதான் எனக்கு அந்த வாசன வருது.

அந்தச் சந்துல வாசனைக்கா பஞ்சம்? காலைல மாட்டுச் சாணி. பக்கத்துச் சந்துல பாலுக்கு மாடு கட்டியிருந்தாங்க. அப்புறம் மசாலா அரைக்கிற கடையில மொளகா நெடி, தும்மித் தும்மியே பல் வெளக்குவோம். சாயங்காலம் எங்க வாசல் நடைபாதையில, அஞ்சடின்னுவோம், அங்க பூக்கடை மாமா மல்லிப்பூவுக்குத் தண்ணி தெளிப்பாரு. ஈரச் சாக்கும் மல்லியும் கலந்த அந்த வாசன இருக்கே, அத எந்தப் பாட்டில்லயும் அடைக்க முடியாது. பூக்கடை மாமா கை கட்டிக்கிட்டே இருக்கும், வாயி பேசிக்கிட்டே இருக்கும். சந்துல யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு அவரக் கேட்டா சொல்வாரு.

மாடில ஒரு அம்மா வாடகைக்கு இருந்தாங்க. புருஷன் இல்ல, புள்ளையும் இல்ல. வேதக்காரங்க. ஞாயித்துக்கெழமை வெள்ளச் சீல கட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் போவாங்க, மத்த நாளெல்லாம் ஆட்டுக்கல்லு. இட்லிக்கு, தோசைக்கு மாவு அரச்சு விக்கிறதுதான் பொழப்பு. கல்லுக்கு மேல செவுத்துல மாதா படம், ஆணியில ஜெபமால. எங்கப்பாவ அண்ணேன்னு கூப்பிடுவாங்க, அதனால எனக்கு மாவு அத்தை. விடியக்கால அந்தக் கல்லு சுத்துற சத்தத்துலதான் நாங்க தூங்கிக் கெடப்போம். கடகடன்னு இருக்காது, கரக்... கரக்னு நிதானமா ஒரு சத்தம். அது நின்னுடுச்சுன்னா தூக்கம் கலஞ்சிரும்.

அந்த வருஷம் எங்க பெரியப்பா செத்துட்டாரு. பின்னாடி ரூம்ல, கயித்துக் கட்டில்ல, காலு வீங்கிக் கெடந்து போனாரு. நல்ல மனுஷன். எனக்குப் பீடி சுத்தி இருக்கிற நூல எடுத்து மோதிரம் போட்டு விடுவாரு. செத்தது பெருசில்ல. செத்த நேரத்துக்கு நட்சத்திரம் பாத்தாங்க. கோயில் ஐயரு விரல மடக்கி மடக்கி எண்ணிட்டு, "ஆகாத நட்சத்திரம். அடப்புல போயிருக்காருப்பா"ன்னாரு. "ஆறு மாசம்."

அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் அப்படியே நிறுத்திட்டாங்க.

அடப்புல செத்த பொணத்த வாசல் வழியாக் கொண்டு போகக்கூடாது, செவுத்த இடிச்சு எடுக்கணும்னாங்க. வாடகை வீடு. செவுரு நம்ம செவுரா? எங்கப்பா கைய பெசஞ்சுக்கிட்டு நின்னாரு. கடைசில பின்கதவக் கழட்டி வச்சுட்டு, இது இப்ப கதவு இல்ல ஓட்டைதான்னு சமாதானம் சொல்லிக்கிட்டு தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் அந்த ரூம்ல ஒரு வெளக்கு ஏத்தி, சொம்புல தண்ணி வச்சு, கதவப் பூட்டுனாங்க. பூட்டுல மஞ்சத்துணி கட்டுனாங்க. ஆறு மாசத்துக்கு அந்தக் கதவு தொறக்கக்கூடாது. தொறந்தா வீட்டுல அடுத்தடுத்து சாவு விழும்னு பேச்சு. பேச்சென்ன, எல்லாரும் அப்படியே நம்புனோம். அந்தக் கதவ தாண்டி பின்னாடி போறப்ப நான் மூச்ச அடக்கிக்கிட்டு ஓடுவேன்.

எங்க அக்காவுக்கு அப்பதான் ஒரு எடம் அமஞ்சிருந்துச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க சாஸ்திரம் பாக்குறவங்க. "அடப்பு முடியட்டும், முடிஞ்ச ஒடனே வச்சுக்கலாம். ஆனா ரூம ஒழுங்கா அடச்சு வைங்க"ன்னு சொல்லி அனுப்புனாங்க. எங்கப்பாவுக்கு அதுலேர்ந்து அந்தப் பூட்டுதான் கண்ணு.

வருஷக் கடைசி மழ ஆரம்பிச்சுது. முற்றத்துல தண்ணி நிக்க ஆரம்பிச்சுது.

மொதல்ல கணுக்கால். அப்புறம் கெண்டக்கால். மேல எண்ண மாதிரி ஒரு படலம் மெதக்கும், அதுல சோத்துப் பருக்கை, வெங்காயத் தோலு. அந்த நாத்தத்த எப்படிச் சொல்ல? புளிச்ச நாத்தம், கூடவே செத்த எலி வாடை. அம்மா சாம்பிராணி போட்டாங்க. சாம்பிராணியும் சாக்கடையும் கலந்து அது வேற ஒரு நாத்தமாச்சு. நான் போட்டிருந்த சட்டைலயே அது ஒட்டிக்கிச்சு. எங்க சந்துப் பயலுக என்னக் கண்டா மூக்கப் புடிச்சுக்கிட்டு "லோங்காங் வர்றான் டோய்"னு கத்துவானுங்க. பள்ளிக்கூடத்த நான் அரகொறையா விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கங்க.

எங்கப்பா கொஞ்ச நேரம் தண்ணியப் பாத்தாரு. அப்புறம் அண்ணாந்து மாடியப் பாத்தாரு.

"மாவு"ன்னாரு. "மாவுதான் போயி அடச்சுக்கிது. டேய், மேல போ. மாவு கழுவுன தண்ணிய இனிமே குழாய்ல ஊத்தக்கூடாதுன்னு சொல்லு."

போனேன். மாவு அத்தை ஒரு கால நீட்டி ஒக்காந்து ஆட்டிக்கிட்டிருந்தாங்க. எடது கை குழிக்குள்ள போயிப் போயி மாவத் தள்ளும், கொழவி வர்றதுக்குள்ள வெளிய வந்துரும். நான் அதையே பாத்துக்கிட்டு நிப்பேன்.

"வாங்க சின்னவரே. என்ன, கோர்ட்டுலேர்ந்து ஆள் வந்திருக்கா?"

"அப்பா சொன்னாரு, மாவுத் தண்ணிய ஊத்தக்கூடாதாம்."

"அப்ப என்ன பண்றதாம்? குடிச்சுரட்டுமா?"

"தெரியல."

"போயிக் கேட்டுட்டு வாங்க."

எறங்குனேன், கேட்டேன், ஏறுனேன். "முன்னாடி ரோட்டு லோங்காங்குல கொண்டு போயி ஊத்தணுமாம்."

கல்லு நின்னுடுச்சு. "வாசல் வழியாவா? எல்லாரும் பாக்கவா?"

எனக்கு என்ன தெரியும்?

மறுநாள்லேர்ந்து அவங்க வாளிய தூக்கிக்கிட்டு எறங்குனாங்க. மரப்படி. ஒரு கை கைப்பிடில, ஒரு கைல வாளி. எங்க முன் ரூமத் தாண்டி, அஞ்சடியில பூக்கடைய தாண்டி, ரோட்டோர லோங்காங்குல ஊத்திட்டு வரணும். ஒரு நாளைக்கு எத்தன தடவ! அரிசி களஞ்ச தண்ணி, உளுந்து ஊறுன தண்ணி, கல்லக் கழுவுன தண்ணி. வெள்ளையா இருக்கும், சுத்தமாத்தான் இருக்கும். ஆனா வாளியில கொண்டு வந்து லோங்காங்குல ஊத்துறதப் பாக்குற கண்ணுக்கு அது சாக்கடைதானே?

பூக்கடை மாமா நார கடிச்சுக்கிட்டே கேட்பாரு, "என்னம்மா, மாவ வித்துட்டு மிச்சத்த ஊத்துறியா, மிச்சத்த வித்துட்டு மாவ ஊத்துறியா?"

"ஒங்க பூவுக்கு தெளிக்கிறீங்களாண்ணே? வெள்ள வெளேர்னு இருக்கும்"னு அவங்களும் பதிலுக்கு விடுவாங்க. சிரிப்பாங்க. மாடி ஏறுறப்ப பாத்தா சிரிப்பு இருக்காது.

இவ்வளவும் பண்ணி முற்றத்துத் தண்ணி எறங்குச்சான்னா, இல்ல. அவங்க ஒரு சொட்டு ஊத்தல, ஆனாலும் நிக்கிது. அம்மா மெதுவா, "அவங்க ஊத்தறதே இல்லீங்களே"ன்னாங்க.

"பழைய மாவு. உள்ள ஒட்டிக்கிட்டு காஞ்சு போயிருக்கும்"னாரு அப்பா.

கடைசில ஒரு சீனவரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. குழாய் வேல பாக்குறவரு. தொப்ப மேல பனியனச் சுருட்டி விட்டுக்கிட்டு, நீளமான பிரம்பு ஒண்ண தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. நல்ல வாயாடி. முற்றத்துப் பக்கமிருந்து பிரம்ப விட்டாரு, பாதில நிக்கிது. பின் சந்துல போய் அங்கேர்ந்து விட்டாரு, அதுவும் பாதில நிக்கிது. பிரம்ப உருவுனா நுனில செம்மண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது பெரியப்பா ரூமு.

எங்கப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு மலாய்ல. அது ரெண்டு பேருக்குமே சொந்த பாஷ இல்ல. கடத்தெரு மலாய். மலாய்ல ரூமுக்கு பிலிக், அடச்சுக்கிட்டதுக்கு சும்பாட். எங்கப்பா அந்தப் பூட்டக் காட்டி சொன்னாரு:

"இந்த பிலிக் சும்பாட்."

சீனவரு தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனாரு. "ஆமா ஆமா, இங்கதான் சும்பாட். நான் சொல்றதும் அதான்."

"ஆறு மாசம் சும்பாட்."

"அலாமாக்! ஆறு மாசமாவா? அப்ப ஏன் முன்னாடியே கூப்பிடல?"

"என்ன பண்றது, எங்களுக்கு இது வழக்கம்."

"வழக்கமாவே அடைக்குதா!" சீனவரு பாவமா எங்கப்பாவப் பாத்தாரு. "சரி, கவலப்படாத. நாளைக்கு வர்றேன்."

எங்கப்பாவுக்கு ஒரே நிம்மதி. "பரவால்ல, வேத்து ஆளா இருந்தாலும் அடப்புன்னா புரிஞ்சுக்கிறாரு"ன்னு அம்மாகிட்ட பெருமையா சொன்னாரு. ரூம தொடாம வெளிலேர்ந்தே ஏதோ பண்ணப் போறாருன்னு நெனச்சுக்கிட்டு, மறுநாள் ஹார்பருக்கு வேலைக்குப் போயிட்டாரு.

சீனவரு கடப்பாறையோட வந்தாரு. நேரா அந்தக் கதவுகிட்ட போனாரு. அம்மா அடுப்படியிலேர்ந்து கரண்டியோட ஓடி வந்து, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு கதவுக்கு முன்னாடி நின்னாங்க. அம்மாவுக்கு மலாய்ல தெரிஞ்சது மீன் பேரும் வெலையும்தான். அப்பா சொன்னத கேட்டு வச்சிருந்தது ஒரே வார்த்த.

"சும்பாட்! சும்பாட்!"

"யா, யா, சும்பாட்"னு சொல்லி, அவரு அம்மாவ மரியாதையா ஒரு பக்கமா நகத்திட்டு, பூட்டுல ஒரு போடு போட்டாரு. மஞ்சத்துணியோட பூட்டு கீழ விழுந்துச்சு.

இத எங்க சொன்னாலும் சிரிப்பாங்க. நீங்களும் சிரிச்சிருப்பீங்க. எனக்கு சிரிப்பு வராதுங்க. அம்மா அப்படியே செவுத்துல சாஞ்சு சரிஞ்சு ஒக்காந்தது கண்ணுக்குள்ள இருக்கு. கரண்டிலேர்ந்து ரசம் சொட்டுது. அவங்க மாரியாத்தா பேரச் சொல்லிக்கிட்டே இருக்காங்க.

உள்ள பெரியப்பா வாசன. தைலமும் பீடியும். சீனவரு கட்டில நிமித்தி வச்சுட்டு தரைய ஒடச்சாரு. மேல் சிமெண்டு, கீழ செங்கல்லு, அதுக்கும் கீழ ஈர மண்ணு. மண்ணுக் குழாய் வந்துச்சு. நடுவுல அப்படியே உள்வாங்கி, மூட்டு விட்டு, வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு. உள்ள பூரா செம்மண்ணு.

சீனவரு கையால அள்ளி அள்ளி வெளிய போட்டாரு. நான் பாத்தேன். அம்மாவும் எந்திரிச்சு வந்து பாத்தாங்க. மாவுன்னு ஒரு பொட்டு இல்ல.

சொல்லி அனுப்பி எங்கப்பா வேலைலேர்ந்து ஓடி வந்தாரு. வந்ததும் கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. முன்வாசக் கதவச் சாத்திட்டு வந்து, கொரல எறக்கி, "யாராச்சும் பாத்தாங்களா?"ன்னாரு.

சீனவருக்கு ஒண்ணும் புரியல. அவரு பாட்டுக்கு வேலையச் சொன்னாரு. "இது கெழட்டுக் குழாய். இங்க ஒட்டுப் போட்டா அங்க போகும். முற்றத்துலேர்ந்து பின் சந்து வரைக்கும் மொத்தமா எடுத்துட்டு புதுசு போடணும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் தொறந்து கெடக்குமா?"

"தொறக்காம எப்படிப் போடுறது?"

எங்கப்பா சாத்துன வாசக் கதவப் பாத்தாரு. கதவுக்கு அந்தப் பக்கம் பூக்கடை மாமா சத்தம் கேக்குது. "ஒட்டு"ன்னாரு அப்பா. "இன்னிக்கே ஒட்டி, இன்னிக்கே மூடணும்."

"ரெண்டு மழ தாங்காது."

"ஒட்டுன்னா ஒட்டு!"

அப்ப மேலேர்ந்து ஒரு கொரலு. "அண்ணே."

நாங்க எல்லாரும் அண்ணாந்து பாத்தோம். முற்றத்துக்கு மேல மாடிக் கைப்பிடில சாஞ்சுக்கிட்டு மாவு அத்தை நிக்கிறாங்க. எவ்வளவு நேரமா நின்னாங்களோ.

"உள்ள மாவு இருந்துச்சாண்ணே?"

அம்மாதான் சொன்னாங்க, "இல்ல. மண்ணு."

அவங்க எறங்கி வந்தாங்க. நடுப்படியிலயே நின்னுட்டாங்க. அழுவல, கோவப்படல. "வேற ஒண்ணும் வேணாண்ணே. வாசல்ல நின்னு, மாவு இல்லையாம் மண்ணாம்னு பூக்கடை அண்ணன் காதுல விழுற மாதிரி ஒரு தரம் சொல்லிருங்க. போதும். என் மாவு நாறுதுன்னு வாங்குறவங்க பாதி பேரு நின்னுட்டாங்க."

எங்கப்பாவுக்கு வேர்த்துருச்சு. "மண்ணுன்னு சொன்னா எப்படிப் பாத்தன்னு கேப்பான். ரூமத் தொறந்தியான்னு கேப்பான். மாப்பிள்ள வீட்டுக்குப் போயிரும். எம்பொண்ணு..."

எங்க அக்கா கதவோரமா நின்னு தாவணி நுனிய முறுக்கிக்கிட்டிருந்துச்சு.

மாவு அத்தை அக்காவப் பாத்தாங்க. அப்புறம், "சரி. கழுத்துல தாலி ஏறட்டும். அன்னிக்கு சொல்லுவீங்களா?"ன்னாங்க.

"சத்தியமா சொல்றேம்மா. தாலி ஏறுன ஒடனே, எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

"நான் வாயத் தொறக்கல"ன்னு சொல்லிட்டு மேல போனாங்க.

அன்னிக்கே குழி மூடியாச்சு. பழைய பூட்டு மாதிரியே ஒரு பூட்டு வாங்கி, அதே மஞ்சத்துணியக் கட்டியாச்சு. ஈர சிமெண்டு வாசன மட்டும் கதவிடுக்குல வந்துக்கிட்டே இருந்துச்சு.

சீனவரு சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. ரெண்டு மழ. முற்றத்துல மறுபடி தண்ணி. நாத்தம் தெருவுக்கே போச்சு. ஒரு நாள் பூக்கடை மாமா மூக்க துண்டால மூடிக்கிட்டு வந்து, "என்னய்யா, இந்த மாவுக்காரம்மா நம்ம யாரையும் பொழைக்க விடாதா? எம்பூவெல்லாம் சாக்கடை நாத்தம் அடிக்குது"ன்னாரு.

எங்கப்பா என்ன சொல்லியிருக்கணும்? ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தாக்கூடப் போதும். அவரு தலைய ஆட்டி, "சொல்லிப் பாத்துட்டேன், கேட்டாத்தானே"ன்னாரு.

அப்ப மாவு அத்தை வாளியோட படியில எறங்கிக்கிட்டிருந்தாங்க. காதுல விழுந்துச்சு. வாளி அலம்பி ஒரு படி முழுக்க தண்ணி சிந்துச்சு. தொடச்சுட்டுப் போயி ஊத்திட்டு வந்தாங்க.

இத நெனச்சா இப்பவும் எனக்கு மொகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. எங்கப்பா கெட்டவரு இல்லீங்க. செத்த அண்ணனுக்காக மொட்ட போட்டு, அந்த மொட்டத் தலையோட வெயில்ல மூட்ட தூக்குனவரு. பொண்ணு வாழ்க்கன்னு ஒரு பக்கம். அத எடுத்து இன்னொரு பொம்பள தலைல வச்சுட்டாரு. ஒட்டுப் போட்ட குழாய் நாறும்போதெல்லாம் யார் மேலயாவது போட்டுத்தானே ஆகணும்? வேற ஆளு இல்ல, அவங்கதான் இருந்தாங்க.

மாவு வாங்குறது மொத்தமா நின்னுச்சு. ஒரு நாள் காலைல எனக்குத் தூக்கம் கலஞ்சுது. கல்லு சத்தம் இல்ல. அவங்க சர்ச்சுல தெரிஞ்ச ஒருத்தங்க குவீன்ஸ்டவுன்ல புது ப்ளாட்டுல இருந்தாங்களாம், அங்க ஒரு ரூமுக்குப் போறாங்கன்னு அம்மா சொன்னாங்க. ஆட்டுக்கல்ல எறக்க நாலு ஆளு வந்தாங்க. கொழவிய மட்டும் அவங்க துணில சுத்தி மடில வச்சுக்கிட்டு வண்டில ஒக்காந்தாங்க, கைப்புள்ள மாதிரி. எனக்கு ஒரு அச்சு வெல்லம் குடுத்தாங்க. அப்பாவப் பாத்து, "தேதி வச்சா சொல்லி அனுப்புங்கண்ணே"ன்னாங்க.

ஆறு மாசம் முடிஞ்சுது. ஐயரு வந்து, தேங்கா ஒடச்சு, மந்திரம் சொல்லி, ஊர் பாக்க அந்தக் கதவத் தொறந்தாரு. மாப்பிள்ள வீட்டுலேர்ந்து ரெண்டு பேரு வந்து நின்னாங்க. புது சிமெண்டு தெரியாம இருக்க பெரியப்பா பாயப் போட்டு வச்சிருந்தோம். எப்ப போட்டோம்னு கேக்காதீங்க. ஐயரு அந்தப் பாய் மேலயே நின்னுக்கிட்டு, "சுத்தமாக் காத்திருக்கீங்க, ஒரு கொறையும் வராது"ன்னாரு. எங்கப்பா கைய கூப்புனாரு. அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

கல்யாணம் கோயில்ல. விடிஞ்சதும் முகூர்த்தம். தாலி கட்டி முடிச்சு எல்லாரும் காலப் பலகாரத்துக்கு எங்க சந்துக்கு வந்தாங்க. அஞ்சடியில பாய் விரிச்சு எல போட்டிருந்துச்சு. மழ விட்டிருந்துச்சு. பின்னாடி அடுப்புல இட்லி வெந்துக்கிட்டிருந்துச்சு.

மாவு அத்தை முந்தின நாளே வந்துட்டாங்க. அப்பா சொல்லி அனுப்பல. அம்மாதான் யாரு மூலமாவோ சொல்லியிருக்காங்க. ரெண்டு பெரிய அடுக்கு நெறைய மாவு. குவீன்ஸ்டவுன்லேர்ந்து பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டானாம், யாரோட லாரிலயோ கெஞ்சி ஏத்திக்கிட்டு வந்திருக்காங்க. "எம்பொண்ணா இருந்தா செய்ய மாட்டேனா அண்ணி? இது என் சீரு"ன்னாங்க அம்மாகிட்ட. விடிய விடிய அவங்களே ஊத்தி ஊத்தி எடுத்தாங்க. "நான் தாலியறுத்தவ, முன்னாடி வரல"ன்னு கோயிலுக்கு வரல. பந்திக்கு மட்டும், ஆளு பத்தலன்னு அம்மா கூப்பிட்டாங்க. சாம்பார் வாளியோட வந்தாங்க.

அந்த இட்லி. என்னத்தச் சொல்ல? விரல் பட்டா அழுந்தும், எடுத்தா நிமிந்துக்கும். பேரன் பேத்தியெல்லாம் எங்கெங்கயோ கூட்டிக்கிட்டுப் போறாங்க, அது மாதிரி நான் சாப்பிடவே இல்ல. பந்தில பேச்சே இல்ல, வாய்க்குள்ள போற சத்தம்தான்.

மாப்பிள்ளையோட அப்பா நாலாவது இட்லிய புட்டுக்கிட்டு, "சம்பந்தி, மாவு எங்க அரச்சது? இப்படி ஒரு இட்லி நான் பாத்ததில்ல"ன்னாரு.

பக்கத்து எலைல பூக்கடை மாமா. அவரும் நிமிந்து பாத்தாரு. "ஆமாய்யா, நானும் அதான் கேக்கணும்னு நெனச்சேன். யாரு மாவு?"

எங்கப்பா பந்திக்கு நடுவுல நிக்கிறாரு. பட்டு வேட்டி, நெத்தில சந்தனம். ரெண்டு எல தள்ளி மாவு அத்தை சாம்பார் கரண்டியோட குனிஞ்சவங்க, அப்படியே நின்னுட்டாங்க. உள்ள அக்கா கழுத்துல தாலி இருக்கு. அடப்பு முடிஞ்சு போச்சு. இனிமே பயப்பட ஒண்ணுமே இல்ல. வாயத் தொறந்தாப் போதும். அம்மா அடுப்படி வாசல்ல வந்து நின்னாங்க. அவங்க உதடு அசையறத நான் பாத்தேன், சொல்லுங்க சொல்லுங்கன்னு.

எங்கப்பா தொண்டைய கனைச்சாரு. மாப்பிள்ளையோட அப்பா மொகத்தப் பாத்தாரு, பூக்கடை மாமா மொகத்தப் பாத்தாரு.

"கடைல வாங்குனதுதாங்க"ன்னாரு.

மாவு அத்தை நிமிந்தாங்க. மொகத்துல அதே பழைய சிரிப்பு, மாடில கல்லுகிட்ட ஒக்காந்து என்னக் கேலி பண்ணுவாங்களே, அது. பூக்கடை மாமா எலைக்கு சாம்பார ஊத்திக்கிட்டே, பந்தி முழுக்க கேக்குற மாதிரி சொன்னாங்க:

"ஆமாண்ணே, கடை மாவுதான். எம்மாவா இருந்தா நாறியிருக்காதா?"

பூக்கடை மாமா ஓன்னு சிரிச்சாரு. அவரு சிரிச்சதும் பந்தியே சிரிச்சுது. மாப்பிள்ள வீட்டுக்காரங்க எதுக்குன்னு தெரியாமலே சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வாய் நெறைய அவங்க இட்லி.

எங்கப்பா மட்டும் சிரிக்கல. "யாருக்கு இட்லி, யாருக்கு இட்லி"ன்னு கேட்டுக்கிட்டே, யார் மொகத்தையும் பாக்காம, ஒவ்வொரு எலையாப் பாத்துக்கிட்டு பந்தி கடைசி வரைக்கும் நடந்து போனாரு.